ஓடுபவருக்கா, வழி திறப்பவர்களுக்கா?

2024 நவம்பர் 30, கொலம்பஸ். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானம், எதிரே மிச்சிகன். ஒஹாயோ ஸ்டேட்டிடம் அன்று இரண்டு ரன்னிங் பேக்குகள், அதாவது பந்தோடு ஓடுபவர்கள், இருந்தார்கள்: க்வின்ஷான் ஜட்கின்ஸ், டிரேவியன் ஹென்டர்சன். அடுத்த ஏப்ரலில், என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 36ஆவது, 38ஆவது ஆட்களாகப் போனவர்கள். அந்த அணியைக் கட்டச் சுமார் 2 கோடி டாலர் ஆனதாகப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநரே சொல்லியிருந்தார். அன்று ஓடி எடுத்தது மொத்தம் 77 யார்டு. 13-10 என்று தோற்றார்கள்.

ஓடுபவருக்கு வழி திறக்கும் முன்வரிசையில் இடது ஓரத்தில் நிற்கும் டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் அக்டோபரிலேயே முழங்கால் காயத்தில் போய்விட்டார். அதே வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் செத் மெக்லாக்லின் நவம்பரில் குதிகால் தசைநார் அறுந்து வெளியேறினார். எதிர் வரிசையில் மேசன் கிரஹாம், கென்னத் கிரான்ட் என்று, பிறகு டிராஃப்டின் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்ட இருவர். இதே ஒஹாயோ ஸ்டேட் ஜனவரியில் நோட்டர் டேமை 34-23 என்று வென்று கோப்பையை எடுத்தது. அந்த இறுதி ஆட்டத்தில் ஜட்கின்ஸ் மூன்று டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பது) போட்டார். ஆகவே ஒரு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பெழுத முடியாதுதான். ஆனாலும் ரன்னிங் பேக்கை எப்படிப் பிடிப்பது என்று பேசும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த 77 யார்டுதான்.

அமெரிக்க ஃபுட்பால் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். குவார்ட்டர்பேக் பந்தை எறியலாம், அல்லது ரன்னிங் பேக்கிடம் கொடுத்து ஓட விடலாம். இவர்களுக்கு முன்னால் ஐந்து பேர் நிற்பார்கள். ஒவ்வொருவரும் கிட்டத்தட்ட 300 பவுண்டு. எதிராளிகளைத் தள்ளி வழி திறப்பது இவர்கள் வேலை. இந்த ஐவர்தான் ஆஃபென்சிவ் லைன். தேர்த்திருவிழாவில் எல்லார் கண்ணும் தேர்மேல் இருக்கும், வடம் பிடிப்பவர்கள் யாரென்று யாரும் கேட்கமாட்டார்கள் இல்லையா, அந்த நிலைமைதான் இவர்களுக்கும்.

இப்போது முடிவெடுக்க வேண்டிய ஆளுக்கு வருவோம். ஜார்ஜியா, அலபாமா மாதிரி பெரிய இடத்தை விட்டுவிடுங்கள். அவர்களுக்கு எந்த வழியும் சரிப்படும். பெரிய கான்ஃபரன்ஸ் (அணிகளின் கூட்டமைப்பு) ஒன்றில் நடுவரிசையில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகம், புதிதாக வந்த தலைமைப் பயிற்சியாளர். 2025 ஜூலை 1 முதல் பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்குத்தான் போகும் என்றாலும், அந்த வரம்பைத் தொடும் வசதி எல்லாருக்கும் கிடையாது. 85 ஸ்காலர்ஷிப் என்ற பழைய கணக்கும் போய், 105 பேர் கொண்ட அணி என்று ஆகிவிட்டது. கையிலுள்ள பணத்தில் ரன்னிங் பேக்குக்கு எவ்வளவு, அவரை எங்கிருந்து கொண்டு வருவது? இதுதான் கேள்வி.

முதல் வழி, உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஒரு ஃபைவ் ஸ்டார், அதாவது தரவரிசையில் உச்ச மதிப்பு பெற்ற பையன். இதன் கவர்ச்சி எளிதில் புரியும். பதினெட்டு வயதில் வந்து இறங்கிய உடனே ஆட முடிகிற இடங்களில் ரன்னிங் பேக் முக்கியமானது. 1980இல் ஜார்ஜியாவுக்கு வந்த ஹெர்ஷல் வாக்கர் முதல் ஆண்டிலேயே அணியைச் சாம்பியனாக்கினார். 2004இல் ஓக்லஹோமாவில் ஏட்ரியன் பீட்டர்சன் முதல் ஆண்டில் 1,925 யார்டு ஓடினார். மேலே சொன்ன ஹென்டர்சனும் 2021இல் புதுமுகமாகவே 1,248 யார்டு எடுத்தவர். இடைவெளியைக் கண்ட கணத்தில் காலை மாற்றிப் பாய்வது பெரும்பாலும் உடம்போடு வருவது. டேக்கிள் ஆடுபவருக்கு அப்படியில்லை. எடை கூட்டி, பலம் ஏற்றி, காலடி பழகி வர மூன்று ஆண்டாவது பிடிக்கும்.

ஆனால் ஓட்டம் மட்டும்தான் உடம்போடு வருகிறது. எதிரணி கூடுதல் ஆட்களைக் குவார்ட்டர்பேக் மேல் ஏவும் பிளிட்ஸ் வரும்போது யாரைத் தடுப்பது என்று ஒரு நொடிக்குள் கண்டுபிடித்து, தன்னைவிட ஐம்பது பவுண்டு கூடுதலான ஆளின் முன்னால் போய் நிற்பது படித்து வர வேண்டிய விஷயம். பள்ளியில் அதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் பந்து அவர் கையில்தானே இருந்திருக்கும்! அதனால் மூன்றாவது முயற்சியில், எறிந்தே ஆக வேண்டிய நேரத்தில், இந்த விலையுயர்ந்த பையன் வெளியே உட்கார்ந்திருப்பார். காயம் வேறு. ஹென்டர்சனின் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளைக் காயங்கள் தின்றன. நல்லபடியாக ஆடிவிட்டாலோ, அடுத்த குளிர்காலத்தில் பெரிய இடங்களிலிருந்து அழைப்பு வரும். 2021க்குப் பிறகு முதல் முறை இடம் மாறுபவர் ஓராண்டு உட்கார வேண்டியதில்லை. 2024 முதல் எத்தனை முறை மாறினாலும் உட்கார வேண்டியதில்லை. நடுத்தர அணி காசு போட்டு வளர்த்து, பெரிய அணிக்குத் தயார் செய்து அனுப்புகிற கதையாக முடியும்.

இந்த வழிக்கு எதிரான என் முதல் சாட்சி ஜார்ஜியா டெக். பால் ஜான்சன் அங்கே 2008 முதல் 2018 வரை டிரிபிள் ஆப்ஷன் என்ற பழைய ஓட்ட முறையை ஆடினார். 2014இல் 11 வெற்றி, ஆரஞ்ச் பௌல் கோப்பை என்று அதில் பலனும் இருந்தது. அந்த முறைக்கான லைன் ஆட்கள் எடை குறைவு, வேகம் அதிகம். எதிராளியின் காலடியில் பாய்ந்து வெட்டப் பழகியவர்கள். பின்வாங்கி நின்று குவார்ட்டர்பேக்கைக் காப்பது அவர்களுக்குப் பழக்கமே இல்லை. 2019இல் வந்த புதிய பயிற்சியாளர் எல்லாரையும் போல, ஆட்களைப் பரவ நிறுத்தி ஆடும் ஸ்ப்ரெட் ஆட்டத்துக்கு மாறினார். அந்த ஆண்டு 3-9, அதாவது 3 வெற்றி, 9 தோல்வி. அதில் ஒரு தோல்வி த சிட்டடெல் என்ற கீழ்மட்ட அணியிடம். வேடிக்கை என்னவென்றால், சிட்டடெல் ஆடியது அதே டிரிபிள் ஆப்ஷன்.

அடுத்த ஆண்டு அங்கே ஜாமிர் கிப்ஸ் வந்து சேர்ந்தார். ஜார்ஜியா மாநிலத்துப் பையன், யார் பார்த்தாலும் இவன் வேறு ரகம் என்று தெரிந்துவிடும். அவரை வைத்துக்கொண்டு 2020இல் 3-7, 2021இல் 3-9. அப்புறம் அவர் அலபாமாவுக்குப் போனார், 926 யார்டு ஓடினார், 44 பந்து பிடித்தார், 2023 டிராஃப்டில் 12ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். ஆக அவரிடம் ஒரு குறையும் இல்லை. முன்னால் நின்ற ஐவர்தான் அந்த ஆட்டத்துக்குத் தயாராகவில்லை. 2022 நடுவில் பொறுப்பேற்ற பிரென்ட் கீ, அதே ஜார்ஜியா டெக்கில் லைனில் ஆடியவர், லைன் பயிற்சியாளராக இருந்தவர். 2023இல் 7-6. அந்த ஆண்டு அணியில் 1,059 யார்டு ஓடிய ஜமால் ஹெய்ன்ஸ் யார் தெரியுமா? எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவராக இருந்து ரன்னிங் பேக்காக மாற்றப்பட்டவர்.

இரண்டாவது வழி, டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்: வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல். 2018 அக்டோபரில் வந்த இந்த ஏற்பாட்டினால் அதிகம் லாபம் பார்க்கக்கூடிய இடங்களில் ரன்னிங் பேக் ஒன்று என்று நினைக்கிறேன். குவார்ட்டர்பேக், டேக்கிள் அளவுக்கு விலை ஏறுவதில்லை. ஆட்டமுறையைக் கற்க ஒரு வசந்தகாலப் பயிற்சி போதும். கல்லூரி அளவிலேயே ஆடிய வீடியோ கையில் இருக்கும். பள்ளிப் பையன்களை ஓடிக் கடந்த காட்சிகளை வைத்து ஊகிக்க வேண்டியதில்லை.

கென்னத் வாக்கர் இதற்கு எடுப்பான உதாரணம். வேக் ஃபாரஸ்ட்டில் இரண்டு ஆண்டு ஆடினார். அங்கே குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைத்தபடி நிதானமாக நடந்து, கடைசிக் கணத்தில் கொடுப்பதா எறிவதா என்று தீர்மானிப்பார். கால் துடிக்கிற ஓட்டக்காரருக்கு அது அவஸ்தை. 2021இல் மிச்சிகன் ஸ்டேட்டுக்கு மாறியதும் 1,636 யார்டு, 18 டச் டவுன். அதில் ஐந்து, அக்டோபர் 30 அன்று மிச்சிகனுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில். அணி 11-2 என்று முடித்தது. சீசன் முடியும் முன்பே பயிற்சியாளருக்கு 10 ஆண்டு, 9.5 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. வாக்கர் என்எஃப்எல்லுக்குப் போனார். மறு ஆண்டு 5-7.

போர்ட்டலின் முழு குணமும் இந்த ஒரு கதையில் இருக்கிறது. நல்ல ஆள் ஒருவர் ஒரு சீசனை மாற்றிக் காட்டுவார். அவர் போன பிறகு உங்களிடம் என்ன மிச்சம் என்பதுதான் நீங்கள் உண்மையில் எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள் என்பதற்குக் கணக்கு.

கேம் ஸ்கட்டபோவின் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சாக்ரமென்டோ ஸ்டேட் என்ற கீழ்மட்ட அணியிலிருந்து 2023இல் அரிசோனா ஸ்டேட்டுக்கு வந்தார். அந்த ஆண்டு லைனில் ஆள் மாற்றி ஆள் காயம். அவர் ஓடினார், பிடித்தார், தேவைப்பட்டபோது பந்தை உதைக்கக்கூடச் செய்தார். 783 யார்டு, அணி 3-9. 2024இல் பிக் 12 கான்ஃபரன்ஸில் அவர்கள் கடைசி இடத்தில் வருவார்கள் என்று ஊடகங்கள் கணித்தன. அதே ஸ்கட்டபோ 1,711 யார்டு ஓடினார், இன்னும் 605 யார்டு பந்து பிடித்து எடுத்தார், அணி கான்ஃபரன்ஸை வென்று, நாட்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்குப் போனது. இடையில் நல்ல குவார்ட்டர்பேக் ஒருவர் வந்திருந்தார், லைனும் முழுதாக நின்றது. ஒரே ஆள்தான், இரண்டு சீசன்களும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். வாக்கரைப் போல ஓராண்டிலேயே போய்விடுகிறவரை எடுப்பதைவிட, இவரைப் போல இரண்டு ஆண்டு இருந்து ஆடுகிறவரை எடுப்பது நல்லது என்பதும் இதில் தெரிகிறது.

மூன்றாவது வழி, பெரிய பெயர் இல்லாத பையன்களை எடுத்து வளர்ப்பது. விஸ்கான்சின் இதைத் தொழிலாகவே செய்தது. ரான் டேன் 1999இல், ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார். மெல்வின் கார்டன் 2014இல் 2,587 யார்டு. ஜோனதன் டெய்லர் 2017 முதல் மூன்று சீசனில் 6,174 யார்டு. டேனும் டெய்லரும் நியூ ஜெர்சிக்காரர்கள். ஆனால் அந்த அணிக்கு ஆண்டாண்டாக வழி திறந்த லைன் ஆட்களில் பலர் விஸ்கான்சின் மண்ணில் விளைந்தவர்கள். ஜோ தாமஸ் புரூக்ஃபீல்டுக்காரர். ரயன் ராம்சிக் ஸ்டீவன்ஸ் பாயின்ட்டின் சின்னக் கல்லூரியிலிருந்து வந்து, முதல் சுற்றில் டிராஃப்ட் ஆனவர். அந்த ஊரில் பெரிய உடம்போடு பிறந்த பையன்களுக்குப் பஞ்சமில்லை, அவர்களை மூன்று நான்கு ஆண்டு சாப்பாடு போட்டு வளர்க்கும் பொறுமையும் இருந்தது. பின்னால் ஓட யார் வந்தாலும் ஆயிரம் யார்டு என்று ஆனது.

பிறகு அவர்களே அதைக் கைவிட்டார்கள். 2023இல் வந்த புதிய குழு எறிவதையே நம்பும், டெக்ஸஸில் வேர்விட்ட ஏர் ரெய்டு வம்சத்து ஸ்ப்ரெட் ஆட்டத்தைக் கொண்டு வந்தது. முதல் ஆண்டு 7-6, இரண்டாம் ஆண்டு 5-7. சீசன் முடிவில் நன்றாக ஆடிய அணிகளுக்குக் கிடைக்கும் பௌல் ஆட்டத்தைத் தொடர்ந்து 22 சீசன் ஆடிய அணிக்கு 2024இல் அது இல்லாமல் போனது. ஆஃபென்ஸ் பயிற்சியாளரும் சீசன் நடுவிலேயே வெளியேற்றப்பட்டார். உலகமே எறிகிறது, நாமும் எறிவோம் என்ற அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் உள்ளூரில் என்ன விளைகிறதோ அதை விட்டுவிட்டு டெக்ஸஸில் விளைவதைச் சமைக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

இந்த வழியின் பலவீனம் பழையபடி போர்ட்டல்தான். மூன்று ஆண்டு வளர்த்த லைன் ஆளையும் இப்போது ஒரே இரவில் இழக்கலாம். ஆகவே வளர்ப்பது என்றால் வளர்ந்தவரைத் தக்கவைக்கவும் பணம் ஒதுக்குவது என்று பொருள். இதைக் கணக்கில் சேர்க்காமல் ‘நாங்கள் ஆளை உருவாக்குகிறவர்கள்’ என்று பேசும் பயிற்சியாளர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

நான்காவது, தனியாக ஒரு நட்சத்திர ரன்னிங் பேக் தேவைப்படாத ஆட்டமுறை. இதில் இரண்டு கிளைகள். ஒன்று, குவார்ட்டர்பேக்கே ஓடுவது. 2024இல் ராணுவ அகாதமி அணி ஆர்மி 12-2 என்று முடித்தபோது, அதன் குவார்ட்டர்பேக் பிரைசன் டெய்லி 1,659 யார்டு ஓடி 32 டச் டவுன் போட்டார். கல்லூரி மைதானத்தின் அமைப்பும் இதற்குச் சாதகம். பந்து வைக்கும் ஹாஷ் கோடுகளின் இடைவெளி கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் பதினெட்டரை அடிதான். பந்து ஒரு ஓரத்தில் இருந்தால் மறுபக்கம் ஒரு வயல் அளவு வெற்றிடம் கிடைக்கும்; ஓடுகிற குவார்ட்டர்பேக்கைப் பார்ப்பதா, பேக்கைப் பார்ப்பதா என்று தடுப்பவர் திண்டாடுவார். பணம் குறைந்த அணிக்கு இது நேர்மையான வழி. ஆனால் ரிசீவர்கள் வரமாட்டார்கள், பதினாலு புள்ளி பின்தங்கினால் துரத்துவது கஷ்டம், பின்னால் முறையை மாற்ற நினைத்தால் ஜார்ஜியா டெக் கதைதான்.

இன்னொரு கிளை, எறிந்து எறிந்து எதிரியைப் பரவச் செய்து, காலியான நடுவில் ஓடுவது. 2019 எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்). குவார்ட்டர்பேக் ஜோ பரோ 60 டச் டவுன் எறிந்த அந்த அணியில் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் என்ற குள்ளமான உள்ளூர்ப் பையன் 1,414 யார்டு ஓடினார், 55 பந்து பிடித்தார். ஓடத் தெரிந்தது போலவே பிடிக்கவும் தடுக்கவும் தெரிந்ததால் அவரை வெளியே எடுக்கவே தேவையில்லாமல் போனது. இந்த முறை ஆடுகிறவர்கள் பேக்கைத் தேடும்போது நாற்பது யார்டு ஓட்ட நேரத்தை அப்புறம் பார்க்கலாம். கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு தகவல். நாட்டின் சிறந்த ஆஃபென்சிவ் லைனுக்கு 2015 முதல் ஜோ மூர் விருது தருகிறார்கள். முதல் ஆண்டு வாங்கியது அலபாமா: டெரிக் ஹென்றி 2,219 யார்டு ஓடி ஹைஸ்மன் வாங்கிய ஆண்டு, கோப்பையும் அவர்களுக்கே. 2019இல் எல்எஸ்யூ, 2020இல் மறுபடி அலபாமா, இரண்டும் சாம்பியன். 2021, 2022 மிச்சிகன். 2023இல் மிச்சிகன் கோப்பையே எடுத்தது, விருது வாங்கிய வாஷிங்டன் இறுதி ஆட்டம் வரை வந்தது. 2024இல் அந்த விருது ஆர்மிக்கு. எறிகிற அணி, ஓடுகிற அணி, குவார்ட்டர்பேக்கே ஓடுகிற அணி எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு.

ஆக, நம் நடுத்தர அணிப் பயிற்சியாளருக்கு என் யோசனை: இருக்கும் பணத்தில் குவார்ட்டர்பேக்குக்கு அடுத்தபடி லைனுக்கு. அதிலும் இரண்டு டேக்கிள், ஒரு சென்டர் போர்ட்டலிலிருந்து, மற்றவர்கள் சொந்த மாநிலத்துப் பள்ளிகளிலிருந்து. ரன்னிங் பேக்கைக் கடைசியாகப் பார்க்கலாம். நல்லவர்கள் மற்ற இடங்களைவிட அதிகம் கிடைக்கிற இடம் அது. ஒருவருக்கு மொத்தமாகக் கொட்டாமல் இருவராக எடுக்க வேண்டும்: போர்ட்டலிலிருந்து இரண்டு ஆண்டு மிச்சமுள்ள ஒருவர், பள்ளியிலிருந்து ஆண்டுக்கு ஒரு த்ரீ ஸ்டார். அந்தப் பையனை முதல் ஆண்டில் நான்கு ஆட்டத்துக்குள் நிறுத்திக்கொண்டால் அவருடைய ஒரு சீசன் தகுதியும் வீணாகாது. 2024இல் ஹென்டர்சனும் ஜட்கின்ஸும் பாரத்தைப் பங்கிட்டுக்கொண்டே ஆளுக்கு ஆயிரம் யார்டு தாண்டினார்கள். டிராஃப்டில் இருவரில் யாருக்கும் அதனால் மதிப்புக் குறையவில்லை. இந்த உதாரணத்தை வீட்டுக்கு வந்து பெற்றோரிடம் சொன்னாலே பங்கு ஆட்டத்துக்குச் சம்மதம் பாதி கிடைத்துவிடும்.

வீடியோ பார்க்கும்போது நீண்ட ஓட்டங்களைத் தள்ளிவிட்டு, வழியே திறக்காத நேரத்தில் மூன்று யார்டு எடுக்கிறாரா, பிளிட்ஸுக்கு முன்னால் போய் நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும். புள்ளிவிவரத்திலும் ஒரு சூது உண்டு. கல்லூரியில் குவார்ட்டர்பேக் எறிவதற்கு முன்பே பந்தோடு வீழ்த்தப்பட்டால் அந்த இழப்பு ஓட்டக் கணக்கில் கழிக்கப்படும், என்எஃப்எல்லில் அப்படியில்லை. அணியின் ஓட்ட சராசரியை மட்டும் பார்த்து லைன் ஓட்டத்துக்கு நல்லதா கெட்டதா என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு ஆஷ்டன் ஜென்டி. டெக்ஸஸின் ஃபிரிஸ்கோவிலிருந்து த்ரீ ஸ்டாராக பாய்ஸி ஸ்டேட்டுக்கு வந்தவர். பெரிய இடங்கள் கூப்பிட்டும் போகவில்லை. 2024இல் 2,601 யார்டு. 1988இல் பாரி சாண்டர்ஸ் 11 ஆட்டத்தில் எடுத்த 2,628ஐத் தொட 27 யார்டு குறைந்தது, அதுவும் பிளேஆஃபில் பென் ஸ்டேட்டுக்கு எதிராக 30 முறை ஓடி 104 மட்டுமே எடுக்க முடிந்ததால். பென் ஸ்டேட் மாதிரி பலமான தடுப்பு வரிசை எதிரே வந்ததும் அவருக்கே அவ்வளவுதான். ஆனாலும் இப்படி ஒருவர் உங்கள் கண் முன்னால் வளர்ந்து நின்றால் மேலே சொன்ன வரிசையைக் கிழித்துப் போட்டுவிட்டு, டிசம்பர் முடிவதற்குள் முதல் காசோலையை அவருக்கு எழுதிவிட வேண்டியதுதான். டேக்கிளை ஜனவரியில் தேடிக்கொள்ளலாம்.